காப்புறுதி முகவர் தொழிலை ஏற்கலாமா?



எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது அருளும் சாந்தியும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நம் ஊர்களில் க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டுத் தொழில் தேடி அலையும் இளைஞர்கள் பலர். அரசாங்க நியமனம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வெளிநாடு செல்லப் பணம் இல்லை. வாப்பா நோயாளி, வீட்டில் கடன், தங்கையின் திருமணம் நெருங்குகின்றது. இந்நிலையில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளை முகாமையாளர் அழைக்கின்றார். “அடிப்படைச் சம்பளம் இல்லை. ஆனால் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு காப்புறுதிக்கும் கொமிஷன் உண்டு. திறமை இருந்தால் வங்கி முகாமையாளரை விடவும் கூடுதலாக உழைக்கலாம்” என்கின்றார். கையில் ஒரு படிவத்தைத் தருகின்றார். ஒரு வாரத்திற்குள் பதில் வேண்டும்.

அந்தப் படிவத்தைக் கையில் வைத்திருக்கும் சகோதரரே, இன்றைய உரை உங்களுக்கானது. நீங்கள் கேட்கும் கேள்வி “இது ஹலாலா, ஹராமா?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆயினும் அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நான் எதனை விற்கப் போகின்றேன்? எவ்வாறு பேசி விற்கப் போகின்றேன்? அந்த வருமானத்தைக் கொண்டு என் குடும்பம் வாழுமா? இம்மூன்றையும் பிரித்துப் பார்த்தால் விடை தெளிவாகும். ஒன்றாகக் குழைத்துப் பார்த்தால் ஷைத்தான் அந்தக் குழப்பத்தினுள் தனக்கோர் இடத்தைத் தேடிக்கொள்வான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடுவோம். “சம்பளம் இல்லாமல் தரகுக்கு உழைப்பது மார்க்கத்தில் விரும்பத்தகாதது” எனச் சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. விற்பவரையும் வாங்குபவரையும் இணைத்து வைத்து, அதற்குரிய கூலியைப் பெறுவது நம் மார்க்கத்தில் அறியப்பட்ட தொழிலாகும். தரகரின் கூலியைப் பற்றி இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் தனியொரு பாடமே அமைத்திருக்கின்றார்கள். இப்னு ஸீரீன், அதாஃ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகியோர் அதனைக் குற்றமாகக் காணவில்லை என்றும் அங்கே குறிப்பிட்டுள்ளார்கள்.

கைஸ் பின் அபீ கரஸா (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தியொன்று அபூதாவூத், திர்மிதி முதலிய நூல்களில் பதிவாகியுள்ளது. மதீனாவின் சந்தையில் வியாபாரம் செய்தோர் அக்காலத்தில் ‘ஸமாஸிரா’, அதாவது தரகர்கள் என்று அழைக்கப்பட்டனர். நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கடந்து சென்றபோது அதனினும் அழகிய பெயரால், வணிகர்களே என விளித்தார்கள். பின்னர், வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியம் செய்தலும் கலந்துவிடுகின்றன, எனவே அதனுடன் தர்மத்தைக் கலந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் உபதேசித்தார்கள். சிந்தித்துப் பாருங்கள். நபியவர்கள் அந்தத் தொழிலைத் தடுக்கவில்லை. அந்தத் தொழிலில் நாவுக்கு நேரும் ஆபத்தைத்தான் சுட்டிக்காட்டினார்கள்.

ஆகவே தரகு என்பதற்குத் தனியானதொரு சட்டம் இல்லை. அது எந்தப் பொருளுக்கான தரகோ, அந்தப் பொருளின் சட்டத்தையே அது பின்தொடரும். காணி வாங்கிக் கொடுத்துப் பெறும் தரகு ஹலால். மதுபானம் விற்றுக் கொடுத்துப் பெறும் தரகு ஹராம். இப்போது முதலாவது கேள்விக்கு வருவோம்.

நான் எதனை விற்கப் போகின்றேன்?

நாம் வழமையாகக் காணும் வர்த்தகக் காப்புறுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு கடைக்காரர் தமது கடைக்குத் தீக் காப்புறுதி எடுக்கின்றார் என வைத்துக்கொள்ளுங்கள். வருடத்திற்கு 60,000 ரூபாய் கட்டுப்பணம் செலுத்துகின்றார். அவ்வருடம் தீ ஏற்படவில்லையாயின் அந்த 60,000 ரூபாயும் நிறுவனத்திற்கே சொந்தம். தீ ஏற்பட்டால் 60 இலட்சம் வரை அவருக்குக் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நேரத்தில், தாம் கொடுத்ததற்குப் பகரமாக என்ன கிடைக்கும், கிடைக்குமா, கிடைக்காதா என்பது இரு தரப்பாருக்கும் தெரியாது. இத்தகைய தெளிவின்மையையே நமது சட்ட நூல்கள் ‘கரர்’ என்கின்றன. கரர் உள்ள வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூஹுரைரா (ரழி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இரண்டாவதாக, ஒரு தரப்பின் இலாபம் மற்றத் தரப்பின் இழப்பாக, அதுவும் தற்செயலாக நிகழும் ஒன்றைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதால் சூதாட்டத்தின் சாயல் அதில் உண்டென அறிஞர்கள் கூறுகின்றனர். சூதாட்டத்தை ஸூரா அல்மாஇதாவின் 90 ஆம் வசனம் விலக்கியுள்ளது. மூன்றாவதாக, சேர்ந்த பணத்தை நிறுவனம் வட்டி தரும் நிலையான வைப்புகளிலும் திறைசேரி முறிகளிலும் முதலிடுகின்றது. ஆயுட் காப்புறுதியில் முதிர்வின்போது கிடைக்கும் மேலதிகத் தொகையில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகின்றது. வட்டியை ஸூரா அல்பகராவின் 275 ஆம் வசனம் தெளிவாகவே தடுத்திருக்கின்றது.

இது இன்று நேற்றுத் தோன்றிய ஆய்வு அன்று. டமஸ்கஸில் வாழ்ந்த ஹனபி சட்ட அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், கப்பல் சரக்குகளுக்கு எடுக்கப்பட்ட ‘ஸவ்கரா’ என்னும் காப்புறுதி பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்துள்ளார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நிலையான கட்டுப்பணத்தைக் கொண்ட வர்த்தகக் காப்புறுதியில் ஒப்பந்தத்தையே பாழாக்கும் அளவுக்குக் கரர் உண்டு எனவும், அதனால் அது ஹராம் எனவும் தீர்மானித்தது. நன்கொடையையும் பரஸ்பர உதவியையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்புறுதியே அதற்குரிய மாற்றீடு எனவும் அது அறிவித்தது.

இதில் மாற்றுக் கருத்தே இல்லையா எனக் கேட்பீர்கள். உண்டு. சிரியாவைச் சேர்ந்த பேரறிஞர் முஸ்தபா அஹ்மத் அல்ஸர்கா (ரஹ்) அவர்கள் காப்புறுதி என்னும் முறை அடிப்படையில் ஆகுமானதே என வாதிட்டார்கள். அவர்களது அறிவையும் பேணுதலையும் எவரும் குறைத்து மதிப்பதில்லை. ஆயினும் பெரும்பான்மை அறிஞர்கள் அக்கருத்தை ஏற்கவில்லை. வட்டியில் முதலிடுவதை அன்னாரும் ஆகுமாக்கவில்லை. தனக்குச் சாதகமான கருத்தை மட்டும் தேடிப் பிடித்து, அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொழிலுக்குச் செல்வது ஒரு முஃமினுக்கு அழகன்று. ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் இடையே சந்தேகமானவை உள்ளன, அவற்றைத் தவிர்ந்துகொண்டவர் தமது மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்ற கருத்தில் நுஃமான் பின் பஷீர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

இங்கே ஒரு நண்பர் கேட்கலாம்: “ஹஸரத், நாம் எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி எடுக்கின்றோமே. பள்ளிவாசல் வாகனத்திற்கும் எடுக்கின்றோமே. வாங்கலாம் என்றால் விற்கலாகாதா?”

நல்ல கேள்வி. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதியின்றி நம் நாட்டின் வீதிகளில் வாகனம் செலுத்த இயலாது. சட்டம் நிர்ப்பந்திக்கும் ஒன்றை, வேறு வழி இல்லாதபோது, தேவையான அளவுக்கு மட்டும் எடுப்பது ஒரு நிலை. எவரும் நிர்ப்பந்திக்காதபோது வீடு வீடாகச் சென்று அதனைப் பிறருக்கு எடுத்துக் கொடுத்து, அதனையே தமது உணவாக்கிக்கொள்வது வேறொரு நிலை. வட்டியை உண்பவர், கொடுப்பவர், அதனை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்கும் இருவர் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்து, பாவத்தில் அவர்கள் சமம் எனக் கூறியதாக ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. எழுதுபவருக்கே அந்நிலை என்றால், ஒப்பந்தத்தைத் தேடிச் சென்று பேசி முடித்து வைப்பவரின் நிலையை நீங்களே யோசியுங்கள்.

எனவே வர்த்தகக் காப்புறுதி நிறுவனமொன்றின் முகவராகச் சேர்வதற்கு, வேறு வழியுள்ள நிலையில், உங்களுக்கு ஆலோசனை கூற என்னால் இயலாது. அந்தப் படிவம் அத்தகையதாயின் கண்ணியமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் படிவம் தகாபுல் நிறுவனத்துடையதாயின்?

சகோதரர்களே, பாதுகாப்புத் தேவை என்பது உண்மையான தேவை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்முனையையும் சாய்ந்தமருதையும் மருதமுனையையும் அம்பாந்தோட்டையையும் தாக்கியபோது, காலையில் கடையும் படகும் வைத்திருந்தோர் மாலையில் அகதி முகாமில் உடைக்குக் கைநீட்டி நின்றதை நாம் கண்டோம். இஸ்லாம் இந்தத் தேவையை மறுக்கவில்லை. அதனை நிறைவேற்றும் வழியைத்தான் சீர்படுத்துகின்றது. யமன் தேசத்து அஷ்அரீ கோத்திரத்தார், போரில் உணவு குறைந்தாலோ ஊரில் குடும்பங்களுக்கு உணவு பற்றாவிட்டாலோ, தம்மிடம் உள்ளவற்றை ஒரே துணியில் ஒன்றுசேர்த்து, ஒரே பாத்திரத்தால் அளந்து, சமமாகப் பகிர்ந்துகொள்வர். அவர்களை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்து, அவர்கள் என்னைச் சேர்ந்தோர், நான் அவர்களைச் சேர்ந்தோன் என்ற கருத்தில் கூறினார்கள். இதனை அபூமூஸா (ரழி) அவர்கள் அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர்.

தகாபுலின் அடிப்படை இதுவே. பங்குபற்றுவோர் ஒவ்வொருவரும் ‘தபர்ருஃ’ என்னும் நன்கொடையாக ஒரு தொகையைப் பொது நிதியில் இடுகின்றனர். இழப்பு ஏற்பட்டவருக்கு அந்நிதியிலிருந்து கொடுக்கப்படுகின்றது. நிறுவனம் அந்நிதியின் சொந்தக்காரர் அன்று. அதனைப் பராமரிப்பதற்குக் கூலி பெறும் வகீல் மாத்திரமே. முதலீடு வட்டியற்ற வழிகளில் நடைபெற வேண்டும். வருட முடிவில் மிகுதி இருப்பின் அது நிறுவனத்தின் இலாபமாகிவிடாது. முன்னரே உடன்பட்ட விதிப்படி பங்குபற்றியோரைச் சாரும். 1979 இல் சூடானில் இம்முறையில் முதல் நிறுவனம் தோன்றியது. மலேசியா 1984 இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அமானா தகாபுல் 1999 இல் ஆரம்பமானது.

ஆயினும் பெயர்ப்பலகை மட்டும் போதாது. பச்சை நிறமும் அரபுப் பெயரும் ஒப்பந்தத்தை ஹலாலாக்கிவிடா. படிவத்தில் கையொப்பமிட முன்னர் நீங்கள் கேட்டறிய வேண்டியவை உள. ஷரீஆ ஆலோசனைக் குழுவில் இருப்போர் யாவர்? அவர்களது வருடாந்த அறிக்கையைப் பார்க்கலாமா? பங்குபற்றுவோரின் நிதியும் பங்குதாரர்களின் நிதியும் தனித்தனியே கணக்கு வைக்கப்படுகின்றனவா? பணம் எங்கே முதலிடப்படுகின்றது? மிகுதி எவ்வாறு பகிரப்படுகின்றது? எனது தரகு எந்த நிதியிலிருந்து, எவ்வளவு வழங்கப்படுகின்றது? இவற்றுக்கு முகாமையாளர் தெளிவாகப் பதில் கூறுவாராயின் நல்லது. “அதெல்லாம் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் விற்றால் போதும்” என்பாராயின் நீங்கள் எழுந்து வந்துவிடலாம். தனக்கே விளங்காத ஒன்றை ஹலால் என்று மக்களிடம் எவ்வாறு கூறுவது?

நான் எவ்வாறு பேசி விற்கப் போகின்றேன்?

பொருள் சுத்தமானது என்றே வைத்துக்கொள்வோம். இனித்தான் பெரிய சோதனை ஆரம்பமாகின்றது. இதனைப் பற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

நீண்டகாலக் காப்புறுதிகளில் முகவருக்குரிய தரகு பொதுவாக முதல் வருடத்தில் கூடுதலாகவும் பின்னைய வருடங்களில் மிகக் குறைவாகவும் இருக்கும். முகவரின் இலாபம் ஒப்பந்தம் தொடங்கும் நாளில் இருக்கின்றது. வாடிக்கையாளரின் இலாபமோ அந்த ஒப்பந்தம் கடைசிவரை நீடிப்பதில் இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையில்தான் உங்கள் நாவு நிற்கின்றது.

ஓர் உதாரணம். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாகத் தொழில் புரியும் ஒரு சகோதரி மாதம் 8,000 ரூபாய் கட்டுவதாகப் 15 வருடத் திட்டமொன்றில் உங்கள் பேச்சைக் கேட்டுச் சேர்கின்றார். அவரது தொழில் ஒப்பந்தம் இரண்டு வருடங்களுக்கே என்பது உங்களுக்குத் தெரியும். அவர் நாடு திரும்பினால் மாதம் 8,000 கட்ட வழியில்லை என்பதும் தெரியும். 14 மாதங்களின் பின் கட்டுப்பணம் நின்றுவிடுகின்றது. 1,12,000 ரூபாய் கட்டியிருக்கின்றார். ஆரம்ப ஆண்டுகளில் கைவிடப்படும் இத்தகைய திட்டங்களில் பெரும்பாலும் திருப்பிக் கிடைப்பது ஒன்றுமில்லை, அல்லது மிகச் சொற்பம். ஆனால் உங்கள் தரகு எப்போதோ உங்கள் கைக்கு வந்து செலவாகிவிட்டது. நீங்கள் பொய் கூறவில்லை. எதனையும் திருடவில்லை. “இடையில் நிறுத்தினால் என்னவாகும்?” என அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கண்டு அதனுள் கையை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த வியாபாரியும் பொய் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈரத்தை அடியில் விட்டு வைத்ததே அவரது குற்றம். காப்புறுதி ஒப்பந்தத்தில் இருக்கும் ஈரம் சிறிய எழுத்தில் இருக்கின்றது. அதனை மேலே எடுத்து வைப்பது முகவரின் கடமை.

இன்னோர் இடம் உண்டு. ஆயுட் காப்புறுதிக்கான விண்ணப்பத்தில் நோய்கள் பற்றிய கேள்விகள் உள்ளன. வாடிக்கையாளருக்கு நீரிழிவு இருப்பது உங்களுக்குத் தெரியும். அதனைக் குறிப்பிட்டால் மருத்துவப் பரிசோதனை வேண்டும், கட்டுப்பணம் உயரும், ஒருவேளை விண்ணப்பமே நிராகரிக்கப்படும். மாத முடிவுக்கு இன்னும் மூன்று நாட்கள், இலக்குக்கு ஒன்று குறைகின்றது. “அதை எழுதத் தேவையில்லை நானா” என்ற ஒரு சொல் போதும். சில வருடங்களின் பின் அவர் வபாத்தாகின்றார். இத்தா இருக்கும் அவரது மனைவி பத்திரத்தை எடுத்துக் கொடுக்கின்றார். உண்மை மறைக்கப்பட்டதெனக் காரணங்காட்டிக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். அந்த அநாதைப் பிள்ளைகளின் முன் நிறுவனமும் இல்லை, முகாமையாளரும் இல்லை. நீங்கள்தான் அதே தெருவில் வாழ்கின்றீர்கள். மறுமையிலும் அவர்கள் உங்களைத்தான் தேடுவார்கள்.

மேலும் ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. தொழிலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களிடம் ஒரு பட்டியல் கேட்கப்படலாம். உறவினர், அயலவர், பாடசாலை நண்பர், பள்ளிவாசலில் அறிமுகமானோர் என அறிந்தவர் அனைவரது பெயரையும் எழுதச் சொல்வார்கள். மாமியும் சாச்சாவும் உங்களுக்காகவே கையொப்பமிடுவார்கள். திட்டத்தை விளங்கியதனால் அல்ல, பிள்ளைக்கு உதவ வேண்டும் என்பதனால். அவர்கள் வைத்த நம்பிக்கை அமானிதம். உங்கள் தொப்பியும் தாடியும் ஸலாமும் விற்பனைக் கருவிகளாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலில் உங்கள் முகத்தைக் கண்டதும் மக்கள் வேறு வாசலால் செல்லும் நிலை வருமாயின், எந்தத் தரகு அதற்கு ஈடாகும்?

இந்த அபாயத்திலிருந்து தப்ப வழி உண்டா? உண்டு. உங்களுக்கு நீங்களே சில நிபந்தனைகளை விதித்துக்கொள்ளுங்கள். இடையில் நிறுத்தினால் என்ன இழப்பு என்பதை, கேட்காவிட்டாலும், முதலிலேயே கூறுவேன். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். கட்ட இயலாதவர் எனத் தெரிந்தால் நானே வேண்டாம் என்பேன். எதிர்கால இலாபத்தை நிச்சயமென வாக்களிக்க மாட்டேன். 2022 செப்டெம்பரில் நம் நாட்டின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டதைக் கண்ட எவரும், 15 வருடங்களின் பின் கிடைக்கும் தொகையின் பெறுமதிக்குப் பிணை நிற்க மாட்டார். இந்நிபந்தனைகளுடன் இத்தொழில் செய்ய இயலுமா என முகாமையாளரிடமே நேரில் கேளுங்கள். அவர் சிரித்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

அந்த வருமானத்தைக் கொண்டு என் குடும்பம் வாழுமா?

மனைவி மக்களின் செலவு கணவன் மீது கடமை. வயது முதிர்ந்த ஏழைப் பெற்றோரின் செலவும் இயன்ற பிள்ளைகள் மீது கடமை. எனவே கணக்குப் பார்ப்பது உலக ஆசையன்று, அது மார்க்கக் கடமையின் ஒரு பகுதி.

கூட்டங்களில் அதிகம் உழைத்த ஒருவரை மேடையேற்றிக் காட்டுவார்கள். உங்கள் கணக்கை அவரை வைத்துப் போடாதீர்கள். உதாரணமாக முதல் ஆறு மாதங்களில் உங்களுக்கு முறையே 60,000, 45,000, 20,000, பூச்சியம், 30,000, 10,000 ரூபாய் கிடைக்கின்றது எனக் கொள்வோம். ஆரம்ப மாதங்களில் உறவினர் சேர்வதால் கூடுதலாகவும் பின்னர் குறைவாகவும் வருவது இத்தொழிலின் இயல்பு. மொத்தம் 1,65,000. எரிபொருள், தொலைபேசி, பயணம் என மாதம் 15,000 செலவானால் ஆறு மாதத்திற்கு 90,000. மிஞ்சுவது 75,000. மாதத்திற்கு 12,500 ரூபாய். முதல் மாதத்து 60,000 ரூபாயை நம்பித் தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தவரின் நிலை என்ன? ஹலாலான தொழிலுக்குச் செல்ல வட்டி லீசிங்கில் வாகனம் வாங்கினால் ஒரு கதவை அடைத்து மறு கதவைத் திறந்ததாகவே முடியும்.

அத்துடன் முகவர் பெரும்பாலும் நிறுவனத்தின் ஊழியராகக் கொள்ளப்படுவதில்லை. நிரந்தர ஊழியருக்குத் தொழில் வழங்குநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்கு 3 சதவீதமும் செலுத்துகின்றார். உங்களுக்கு அது உண்டா எனக் கேட்டறியுங்கள். சேர்த்த ஒப்பந்தம் இடையில் நின்றால் பெற்ற தரகைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, தொழிலிலிருந்து விலகினால் பின்னைய வருடத் தரகு கிடைக்குமா என்பவற்றையும் எழுத்தில் பாருங்கள். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முகவர்கள் பதிவு பெற்றே தொழில் புரிய வேண்டும். பதிவுக்கு முன்னரே விற்கச் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

“ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்க, இத்தனை கணக்கு ஏன்?” எனச் சிலர் கேட்பர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி திர்மிதியில் உள்ளது. கணக்குப் பார்ப்பதும் ஒட்டகத்தைக் கட்டுவதே. ஆறு மாதச் செலவுக்குக் கையில் ஏதும் உண்டா? மனைவி தையல் வேலை செய்கின்றாரா? காலையில் வேறொரு சிறு தொழிலுடன் மாலையில் இதனைச் செய்யலாமா? இவற்றுக்கு ‘ஆம்’ எனில் தரகுத் தொழிலின் ஏற்ற இறக்கத்தை நீங்கள் தாங்குவீர்கள். பசித்த வீட்டிலிருந்து செல்லும் முகவர்தான் நீரிழிவை எழுதாமல் விடுகின்றார். வறுமை ஒருவரைப் பொய்யராக்கிவிடாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதும் பேணுதல்தான்.

ஏற்கெனவே வர்த்தகக் காப்புறுதியில் முகவராக உள்ள சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இதனைக் கேட்டதும் நாளைக் காலையே தொழிலை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பட்டினி போடும்படி நான் கூறவில்லை. நிர்ப்பந்தம் அதன் அளவைக் கொண்டே கணிக்கப்படும் என்பது சட்ட விதி. அந்த அளவை நீட்டிக்கொண்டே போகக் கூடாது என்பதும் அதன் பொருளே. இன்றே உறுதி பூணுங்கள், தவணையொன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், மாற்றுத் தொழிலைத் தேடுங்கள், தவ்பா செய்யுங்கள். அல்லாஹ்வை அஞ்சி நடப்பவருக்கு அவன் ஒரு வழியை ஏற்படுத்தி, எண்ணிப் பாராத இடத்திலிருந்து உணவளிப்பான் என்பது ஸூரா அத்தலாக்கின் 2, 3 ஆம் வசனங்கள் தரும் வாக்குறுதி.

பெற்றோர்களே, மாமனார் மாமியார்களே! “இன்னாருடைய மகன் வாகனம் வாங்கிவிட்டான், நீ இன்னும் சும்மா இருக்கின்றாய்” என்ற சொல்லை உணவுத் தட்டின் அருகே வைக்காதீர்கள். சந்தேகமானதை விட்டுவிட்டு வந்த இளைஞனுக்கு முதலில் தேவைப்படுவது வீட்டாரின் ஆறுதல். பள்ளிவாசல் நிர்வாகிகளே, தனவந்தர்களே! மிம்பரில் ஏறி “அது ஹராம்” என்று கூற எங்களுக்கு ஒரு நிமிடம் போதும். அந்த இளைஞனுக்கு ஒரு தையல் இயந்திரமோ, சிறு கடைக்கு முதலோ ‘கர்ழ் ஹஸன்’ ஆகக் கொடுக்க ஊரில் ஒரு நிதி இருக்கின்றதா? ஒரு வாசலை அடைக்கச் சொல்லும் சமூகம் மற்றொரு வாசலைத் திறந்து வைக்கக் கடமைப்பட்டுள்ளது.

இறுதியாக, படிவத்தைக் கையில் வைத்திருக்கும் சகோதரரே! வர்த்தகக் காப்புறுதியாயின் அதனை விட்டுவிடுங்கள். அதற்கு இஸ்திகாராவும் தேவையில்லை, ஏனெனில் ஆகுமான காரியங்களிலேயே இஸ்திகாரா செய்யப்படும். தகாபுலாயின் ஒப்பந்தத்தை நம்பிக்கையான ஆலிம் ஒருவரிடமும், அத்தொழிலைச் செய்து விலகிய ஒருவரிடமும் காட்டுங்கள். முன்னவர் மார்க்கத்தைச் சொல்வார், பின்னவர் நடைமுறையைச் சொல்வார். கணக்கை எழுதி வீட்டாருடன் ஆலோசியுங்கள். பின்னர் இரண்டு ரக்அத் தொழுது நலவை நாடுங்கள். கனவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உள்ளத் தெளிவுடன் முடிவெடுங்கள். ஏற்றுக்கொண்டால் ஈரத்தை மேலே வைத்து விற்கும் வியாபாரியாக இருங்கள். கைஸ் (ரழி) அவர்களுக்குக் கிடைத்த உபதேசப்படி, கிடைக்கும் தரகில் ஒரு பகுதியைத் தர்மம் செய்துவாருங்கள். ஏற்காவிட்டால் இழந்துவிட்டதாகக் கவலைப்படாதீர்கள்.

யா அல்லாஹ்! எமது இளைஞர்களுக்கு ஹலாலான, விசாலமான வாழ்வாதாரத்தைத் தந்தருள்வாயாக. எமது நாவுகளைப் பொய்யிலிருந்தும் மறைப்பதிலிருந்தும் காப்பாயாக. எம்மை நம்பிக் கையொப்பமிடுவோருக்குத் துரோகம் செய்யாதோராக எம்மை ஆக்குவாயாக. ஆமீன்.